உப்புக்குச் சப்பாணி

இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குத் திரைப்பட விமர்சனம் எழுதும் பயிற்சியாக 'கனா' படத்தைக் கொடுத்திருந்தேன். வந்த தாள்களில் பெரும்பாலானவை நான் எதிர்பார்த்தபடியே இருந்தன. தன்னம்பிக்கை, விடாமுயற்சி, தந்தையின் கனவு, விவசாயியின் கண்ணீர். ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து பேருந்தில் வரும் ஒரு மாணவி மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தாள்: "கௌசல்யா ஏன் ஒரு தடவைகூடச் சும்மா விளையாடவில்லை?"

நான் சிவப்பு மையில் 'விளக்குக' என்று எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் ஆசிரியர் அறைக்கு வந்து நின்றாள்.

"விளக்க என்ன மேம் இருக்கு? எங்க அண்ணன் தெனம் சாயங்காலம் ஆடப் போறான். எதுக்குப் போறேன்னு வீட்டுல ஒருத்தரும் கேக்குறதில்ல. அந்தப் படத்துல அவ எதுக்கு ஆடுறான்னு படம் பூராச் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க."

அவளுக்கு மதிப்பெண் கூட்டிப் போட்டேன். ஆனால் கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. இந்தக் கட்டுரை அந்தத் தாளுக்கு நான் எழுதும் தாமதமான மறுமொழி.

அருண்ராஜா காமராஜ் இயக்கிய 'கனா' 2018 டிசம்பரில் வந்தது. ஒரு பெண் கிரிக்கெட் வீரரை நடுவில் வைத்து எடுக்கப்பட்ட தமிழ்ப் படம் அதற்கு முன் என் நினைவில் இல்லை. ஐஸ்வர்யா ராஜேஷின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்; பந்தைக் கையில் பிடிக்கும் விதத்திலேயே அவர் பயிற்சி எடுத்தது தெரிகிறது. குளித்தலை விவசாயி முருகேசனின் மகள் கௌசல்யா. 2007 உலகக் கோப்பையில் இந்தியா தோற்றபோது அப்பா அழுவதைப் பார்த்து, அவர் முகத்தில் சிரிப்பைக் கொண்டுவர வேண்டும் என்று ஆட வருகிறாள். அப்பா கடனில் மூழ்குகிறார். அவள் இந்திய அணிக்கு ஆடி ஜெயிக்கிறாள். ஜெயித்த பிறகு ஒலிவாங்கியைப் பிடித்து அவள் பேசுவது விவசாயிகளைப் பற்றி.

விவசாயிகளைப் பற்றிப் பேசக்கூடாதா என்று கேட்பீர்கள். பேச வேண்டும். காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா என்று ஆண்டுதோறும் காத்திருக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு நான் அதை எப்படி மறுப்பேன்? எனக்கு உறுத்துவது வேறு. அவள் ஆட்டத்தின் தொடக்கத்தில் அப்பாவின் கண்ணீர் இருக்கிறது, முடிவில் ஊரின் கண்ணீர் இருக்கிறது. இடையில், பந்து அவள் விரலிலிருந்து கழன்று, தரையில் பட்டு, அவள் நினைத்த பக்கம் திரும்பும்போது அவளுக்கு என்ன ஆகிறது? அந்த ஒரு நொடிக்காகத்தானே எந்த ஆட்டக்காரரும் அடுத்த நாளும் வெயிலில் போய் நிற்கிறார். படம் அந்த நொடியைக் காட்டும்போதெல்லாம் கேமரா திரும்பி அப்பாவைப் பார்க்கப் போய்விடுகிறது. சத்யராஜ் நன்றாகவே அழுகிறார், அதில் குறையில்லை. 'ஒரு தடவைகூட' என்று என் மாணவி எழுதியது கொஞ்சம் மிகைதான். ஊர்ப் பையன்களோடு கௌசல்யா ஆடும் காட்சிகளில் விளையாட்டு இருக்கிறது. ஆனால் அதெல்லாம் ஏணியின் கீழ்ப்படிகளாகவே படத்தில் நிற்கின்றன.

இதோடு 'சென்னை 600028'ஐ வைத்துப் பாருங்கள். வெங்கட் பிரபுவின் அந்தப் படம் 2007 ஏப்ரலில் வந்தது. அதில் யாரும் நாட்டுக்காக ஆடவில்லை. யாருடைய அப்பாவும் அழவில்லை. வேலைவெட்டி உருப்படியாக இல்லாத பையன்கள் எதிர்த்தெருப் பையன்களைத் தோற்கடிக்க ஆடுகிறார்கள். பொடியன்களிடம் தோற்று அசிங்கப்படுகிறார்கள். தமிழ்ச் சினிமாவில் விளையாட்டை விளையாட்டாகவே காட்டிய படம் என்றால் எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பேன். அதில் பெண் யார்? நண்பனின் தங்கை. அவளைக் காதலிப்பது நட்புக்குத் துரோகமா என்பதுதான் அவளால் படத்துக்கு வரும் சிக்கல். பந்து அவள் கைக்கு வருவதே இல்லை.

ஆக, சும்மா ஆடும் படத்தில் பெண் ஆடுவதில்லை. பெண் ஆடும் படத்தில் ஆட்டம் சும்மா இருப்பதில்லை.

நான் சும்மா ஆடியிருக்கிறேன். திருமயம் பக்கம் எங்கள் ஊர். மாசி, பங்குனியில் கண்மாய் வற்றி, களிமண் பாளம் பாளமாக வெடித்து, மாடுகள் மிதித்து மிதித்து ஒரு மூலை மட்டும் சமதளமாகும். அதுதான் மைதானம். கருவைக் குச்சி மூன்று, ஸ்டம்ப். தென்னை மட்டையை அரிவாளால் செதுக்கினால் பேட். ரப்பர் பந்துக்கு ஆளுக்கு எட்டணா. பந்து கருவை முள்ளுக்குள் போனால் இரண்டு ரன், எடுக்கப் போவது அடித்தவன் பொறுப்பு. அண்ணன் என்னைக் கூட்டிப்போனது பாசத்தால் இல்லை; ஆடு பார்க்கும் வேலை எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆட்டையும் பார்க்க வேண்டும், ஆட்டமும் நடக்க வேண்டும் என்றால் நான் அங்கே இருந்தாக வேண்டும்.

ஆள் ஒற்றைப்படையில் வந்த நாட்களில் என்னை 'உப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்தார்கள். ஊனத்தைக் கேலி செய்யும் அந்தச் சொல்லை இப்போது வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறது. அப்போது அது எனக்குப் பட்டம் மாதிரி இருந்தது. உப்புக்குச் சப்பாணி இரண்டு பக்கமும் பீல்டிங் செய்யலாம். கடைசியில், வெளிச்சம் இருந்தால், ஒரு ஓவர் பேட்டிங் கிடைக்கும். அவுட் ஆனாலும் அவுட் இல்லை, அடித்தாலும் ரன் இல்லை. கணக்கில் வராத அந்த ஒரு ஓவருக்காக நான் மத்தியானம் முழுக்கப் பந்து பொறுக்கினேன். ஒருநாள் பந்து மட்டையின் நடுவில் பட்டது. கையில் ஒரு அதிர்வும் இல்லை. பந்து மட்டும் கலிங்கைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. யாரும் எண்ணவில்லை. இன்றைக்கும் என் மணிக்கட்டுக்கு அது ஞாபகம் இருக்கிறது.

நான் வயசுக்கு வந்த பிறகு அப்பாயி ஆட்டுக்குத் தம்பியை அனுப்பினாள். கிரிக்கெட்டை யாரும் தடைசெய்யவில்லை; கண்மாய்க்குப் போகும் காரணம்தான் இல்லாமல் போயிற்று. பெண்கள் விளையாட்டிலிருந்து வெளியேறும் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் சத்தமில்லாமல் நடக்கின்றன. இவற்றில் வில்லன் கிடைப்பதில்லை என்பதால் படமும் எடுக்க முடிவதில்லை.

தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து' 2024-இல் வந்தபோது கண்மாய் மறுபடி என் கண்ணில் வந்தது. ஊர்க் கிரிக்கெட்டின் புழுதி, கோப்பைச் சண்டை, எந்தப் பந்தை எவன் எப்படி அடிப்பான் என்ற வாய்க்கணக்கு எல்லாம் அதில் சரியாக இருக்கின்றன. சாதி ஒருவனை அணிக்கு வெளியே எப்படி நிறுத்தி வைக்கிறது என்பதை முணுமுணுக்காமல் சொன்னதும் அந்தப் படத்தின் பலம். சுசீந்திரனின் 'ஜீவா' 2014-இல் மாநில அணித் தேர்வை வைத்து இதே கேள்வியைக் கேட்டது. 'லப்பர் பந்து' அதை ஊருக்குள்ளேயே, நண்பர்களுக்கு நடுவிலேயே கேட்கிறது. ஆனால் நான் அந்தப் படத்தில் மறக்க முடியாமல் இருப்பது யசோதையை. சுவாசிகா நடித்த பாத்திரம். கணவன் குடும்பத்துக்குத் தெரியாமல் ஆடப் போகிறான் என்றதும் டிராக்டரை எடுத்துவந்து மைதானத்தையே உழுதுவிடுகிறாள்.

அரங்கில் ஆண்கள் சிரித்தார்கள், பெண்கள் கைதட்டினார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் சங்கடமாக உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அவள் கோபம் நியாயம். ஒருவன் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆடுவதற்கு இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டையை யார் துவைப்பது, மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது, வராத கூலிக்கு யார் கடன் வாங்குவது? வேறெந்தத் தமிழ் விளையாட்டுப் படமும் இந்தக் கணக்கை இவ்வளவு கூர்மையாகக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. பிறகு படம் என்ன செய்கிறது என்றால், யசோதையை மெல்ல மெல்லச் சமாதானப்படுத்தி, கணவனின் ஆட்டத்தை ரசிக்கக் கற்றுக்கொடுக்கிறது. டிராக்டரில் ஏறி உட்கார்ந்த அந்தக் கைகளுக்கு ஒரு பந்தை அடித்துப் பார்க்கும் ஆசை இருந்திருக்குமா என்று அது கேட்கவில்லை. மைதானத்தை அழிக்கலாம், அல்லது ஓரத்தில் நின்று கைதட்டலாம். மூன்றாவது வழி ஒன்று அவளுக்கு இல்லை.

சினிமாவை மட்டும் குற்றம் சொல்வது சுலபம். கிரிக்கெட்டின் வரலாற்றை எழுதியவர்களும் இப்படித்தான். சென்னையில் 1846-இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களுக்கானது. சேப்பாக்கத்தில் ஆட வரும் இந்தியர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்ததாகச் சொல்வார்கள். அந்த அவமானம் பொறுக்காமல் புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் என்பது சென்னைக் கிரிக்கெட்டின் தலபுராணம். நல்ல கதை. ராமச்சந்திர குஹா 2002-இல் வெளியிட்ட இந்திய கிரிக்கெட் வரலாற்று நூலில் தலித் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலுவை மீட்டெடுத்தது அதைவிடப் பெரிய காரியம். இனம், சாதி, மதம் என்று கிரிக்கெட்டைத் திறந்து காட்டுகிறார்கள். மரத்தடியில் சாப்பிட்டவர்களின் கதை நமக்குக் கிடைத்தது. அந்தச் சாப்பாட்டைக் கட்டிக்கொடுத்தவர்கள் யார் என்பது கிடைக்கவில்லை.

அயர்லாந்தின் கதையைப் படித்தபோதுதான் இது நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை என்று புரிந்தது. ஆங்கிலேயருக்கு அடிமைப்பட்ட நாடு. ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே விவசாயிகளும் கூலிக்காரர்களும்கூட விரும்பி ஆடியது கிரிக்கெட். சுயாட்சிக்குப் போராடிய பார்னெல் விக்லோ அணியின் தலைவராக ஆடியவர். 1884-இல் தொடங்கப்பட்ட கேலிக் விளையாட்டுக் கழகம் பின்னால் அந்நிய விளையாட்டுகளுக்குத் தடை போட்டது. கிரிக்கெட் ஆடினாலே கழகத்திலிருந்து நீக்கம். அந்தத் தடை 1971 வரை நின்றது. நாம் ஆங்கிலேயனின் ஆட்டத்தை எடுத்துச் சொந்தமாக்கிக்கொண்டோம், அவர்கள் அதே ஆட்டத்தைச் சொந்தமில்லை என்று தள்ளினார்கள். இரண்டு இடத்திலும் கேள்வி நாட்டின் மானம் பற்றியது. நாடு என்றால் ஆண்கள்.

பிறகு 2007 மார்ச் 17 வருகிறது. அன்று ஜமைக்காவில் அயர்லாந்து பாகிஸ்தானை உலகக் கோப்பையிலிருந்து வெளியே தள்ளியது. அதே நாளில் டிரினிடாடில் இந்தியா வங்கதேசத்திடம் தோற்றது. முருகேசன் அழுத அதே உலகக் கோப்பை. ஐரிஷ் கிரிக்கெட் பிறந்த நாள் என்றே அதைக் கொண்டாடுகிறார்கள். 2011-இல் பெங்களூரில் கெவின் ஓ'பிரையன் 50 பந்துகளில் சதம் அடித்து இங்கிலாந்தை வீழ்த்தியதும், 2017-இல் அந்த நாட்டுக்கு டெஸ்ட் தகுதி கிடைத்ததும் அதன் தொடர்ச்சியாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் 2000-ஆம் ஆண்டு கோடையில், டப்ளினில் ஒரு கல்லூரித் திடலில், ஐரிஷ் பெண்கள் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடி, இரண்டே நாளில் இன்னிங்ஸ் வெற்றி பெற்றுவிட்டார்கள். இசோபெல் ஜாய்ஸ் ஒரே இன்னிங்ஸில் ஆறு விக்கெட் எடுத்தார். ஆண்களுக்குத் தகுதி கிடைப்பதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னால். அதற்குப் பிறகு அவர்களுக்கு இன்னொரு டெஸ்ட் கிடைக்காமலே காலம் போனது. அடித்தாலும் ரன் இல்லை. எனக்குத் தெரிந்த விதிதான் அது.

இங்கேயும் பெண்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 1973-இல் நடந்தது, ஆண்களுக்கானது 1975-இல்தான். அந்த 1973-இலேயே இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் தொடங்கிவிட்டது. 1976-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் டெஸ்டுகள். பாட்னாவில் முதல் வெற்றி. அணித்தலைவர் சாந்தா ரங்கசாமி, சென்னையில் பிறந்து கர்நாடகத்துக்கு ஆடியவர். முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் பயணம், கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துத் தூக்கம் என்று அந்தத் தலைமுறை ஆடியிருக்கிறது. தமிழ்நாட்டு அணிக்கு ஆடிய சுதா ஷாவின் பயிற்சியில்தான் இந்திய அணி 2005-இல் உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்குப் போனது. அதற்கு மறு ஆண்டுதான் பணக்கார வாரியம் பெண்கள் கிரிக்கெட்டைத் தன் கீழே எடுத்துக்கொண்டது. 2013-இல் பெண்கள் உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியர் சென்னையின் திருஷ் காமினி. என் வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னபோது ஒரு கையும் உயரவில்லை. நடராஜன் யார் என்று கேட்டேன். சின்னப்பம்பட்டி என்று ஊரோடு சொன்னார்கள்.

எங்கள் மாவட்டத்துப் பெண்களின் உடலும் அசைவும் பற்றிப் பேசினால் இரண்டு விஷயங்களை விட முடியாது. ஒன்று சைக்கிள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் அதிகமான பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்தில் ஊர்வலம் போனார்கள். சாய்நாத் எழுதி உலகத்துக்கே தெரிந்த செய்தி. இன்றைக்கு அதைப் பற்றி நடக்கும் கருத்தரங்குகளில் பயன்கள் பட்டியலாக வாசிக்கப்படுகின்றன: தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட. எல்லாம் உண்மை. நான் பார்த்தது வேறு ஒன்றும் இருக்கிறது. என் அம்மா கற்றுக்கொண்டது ஆண்கள் சைக்கிளில், பள்ளிக்கூடத் திடலில், இருட்டிய பிறகு. கற்றுக்கொண்ட பிறகும் அவள் சில நாள் அந்தத் திடலுக்குப் போனாள். எங்கேயும் போகாமல், திடலையே சுற்றிச் சுற்றி வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு. "எதுக்கும்மா இன்னமும் சுத்துற?" என்று கேட்டேன். "சும்மாதான்டி," என்றாள். எந்த அறிக்கையிலும் வராத அந்தச் 'சும்மா'வைத்தான் என் மாணவி 'கனா'வில் தேடியிருக்கிறாள்.

இன்னொன்று சாந்தி சௌந்தரராஜன். கத்தக்குறிச்சியின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அவர் உடலை உலகத்தின் முன் பிரித்து வைத்துப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். நன்றாக ஓடும் பெண் முதலில் தான் பெண் என்று நிரூபிக்க வேண்டும் என்பது அந்தச் சோதனையின் பொருள். அதன் பிறகு எங்கள் பக்கத்துப் பள்ளிகளில், கொஞ்சம் தோள் அகன்ற, வேகமாக ஓடும் பெண் பிள்ளைகளைப் பற்றிக் கிசுகிசுத்த பேச்சுகளை நான் காதாரக் கேட்டிருக்கிறேன். 'கனா' போன்ற ஒரு படம் ஏன் தன் நாயகியை இவ்வளவு காரணங்களால், இவ்வளவு நல்ல மகளாகப் போர்த்தி வைக்கிறது என்பதற்கு இங்கேதான் ஒரு விடை இருக்கிறது. போர்வை இல்லாமல் ஒரு பெண் திடலில் இறங்கினால் என்ன கேட்பார்கள் என்று படத்துக்குத் தெரியும். அதனால் இயக்குநர் மேல் எனக்குக் கோபம் குறைகிறது; படத்தின் மேல் இருக்கும் மனக்குறை குறையவில்லை.

2025 நவம்பர் 2 இரவு, இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்காவை வென்று உலகக் கோப்பையைத் தூக்கியபோது நானும் அம்மாவும் தொலைக்காட்சி முன்னால் இருந்தோம். வர்ணனையாளர்கள் தியாகம், கண்ணீர், பெற்றோர் என்று பேசிக்கொண்டே போனார்கள். அம்மா அவர்கள் குதிப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீ அந்தக் கண்மாயில ஆடுனியே, அதுல உனக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். பந்து பொறுக்குவேன் என்றேன். "பொறுக்க மட்டுமா?" என்றாள். கலிங்கைத் தாண்டிய பந்தைப் பற்றி முப்பது வருடம் கழித்து அன்றைக்குத்தான் ஒருவரிடம் சொன்னேன்.

எங்கள் மாணவியர் விடுதிக்குப் பின்னால் துணி காயப்போடும் முற்றம் ஒன்று இருக்கிறது. இந்தப் பருவத்தில் சனிக்கிழமைகளில் அங்கே ரப்பர் பந்து ஆட்டம் நடக்கிறது. நான் சொல்லித் தொடங்கியது இல்லை. என்னிடம் அனுமதி கேட்கவும் இல்லை. சுவரைத் தாண்டி அடித்தால் அவுட். காயும் சுடிதாரில் பட்டால் ஒரு ரன், அதைத் துவைத்தவள் கத்தினால் ரன் கிடையாது. போன வாரம் ஆவுடையார்கோவில்காரி ஓங்கி அடித்த பந்து சுவருக்கு மேல் போயிற்று. எல்லோரும் "அவுட்டு" என்று கத்தினார்கள். அவள் துணிக்கட்டையை விடவில்லை. பந்து சுவரின் மேல் பட்டுத்தான் வெளியே போனது, அதனால் அவுட் கிடையாது, நாலு ரன் என்று வாதாடிக்கொண்டே இருந்தாள். மாடிப்படியில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "மேம், நீங்களே சொல்லுங்க, பட்டுச்சா இல்லையா?" என்றாள்.

பட்டது. நாலு ரன் என்றேன்.